பல் எடுத்த பிறகு: பல்செட் பழகுவதும் இம்ப்ளாண்ட் பற்றி முடிவெடுப்பதும்

பல்லைப் பிடுங்கியதும் வலி போய்விடுகிறது. ஆனால் அந்தப் பல்லைத் தாங்கி நின்ற எலும்பு அன்றிலிருந்துதான் கரையத் தொடங்குகிறது. புதிதாகப் போட்ட பல்செட் கச்சிதமாக இருந்துவிட்டு ஒரு வருடத்தில் ஏன் ஆடுகிறது? கீழ்ப் பல்செட் மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகிறது? இம்ப்ளாண்ட், அதாவது எலும்புக்குள் பதிக்கும் செயற்கைப் பல்வேர், வேண்டுமென்றால் சீக்கிரம் முடிவெடுக்கும்படி மருத்துவர் ஏன் சொல்கிறார்? மூன்றுக்கும் காரணம் இந்த எலும்புதான். அதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாக விளங்கும்.

தாடையில் பற்கள் வரிசையாக நிற்கும் எலும்பு மேடு பல்லுக்காகவே வளர்ந்தது. மெல்லும்போதெல்லாம் வேரைச் சுற்றியுள்ள நுண்ணிய நார்கள் அதை இழுத்துத் தூண்டிக்கொண்டே இருக்கும். பல் போனால் தூண்டுதலும் போய்விடும். உடல் அந்த எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் முதல் 12 மாதங்களில் மேட்டின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே குறைந்துவிடும். பிறகு வேகம் தணியுமே தவிர நிற்பதில்லை. எல்லாப் பற்களும் போய்ப் பல்செட் போட்டிருப்பவர்களுக்கு, நீண்ட காலப்போக்கில் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சுமார் நான்கு மடங்கு அதிகமாகத் தேய்கிறது.

பல் எடுத்த முதல் வாரம்

குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் மருந்து. அதைக் கலைக்காமல் இருப்பதுதான் நம் வேலை. மருத்துவர் வைத்த பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அந்த 24 மணி நேரம் காறித் துப்புவது, கொப்பளிப்பது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாயில் வைத்து மெதுவாக அலசித் தானாக வழியவிடலாம். பீடி, சிகரெட், புகையிலை எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். ரத்தக்கட்டி கலைந்துபோனால் எலும்பு திறந்துகிடக்கும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காது வரை இழுக்கும் கடும் வலி வரும். வலி மாத்திரை அதற்குப் போதாது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால்தான் அடங்கும். நாள் ஆக ஆக வலி குறைய வேண்டும். மூன்றாம் நாள் கூடுகிறதென்றால் காத்திருக்க வேண்டாம்.

பல்செட்டை எப்போது போடுவது?

இரண்டு வழிகள் உண்டு. பல் எடுக்கும் முன்பே அளவெடுத்துச் செய்து வைத்து, எடுத்த அன்றே மாட்டிவிடுவது ஒன்று. ஒரு நாள்கூடப் பல் இல்லாமல் வெளியே போகவேண்டியதில்லை என்பது இதன் ஆதாயம். ஆனால் ஈறும் எலும்பும் வேகமாகச் சுருங்கும் காலம் அது; சில வாரங்களிலேயே தளர்ந்துபோகும். மென்மையான உள்பூச்சு வைத்து அவ்வப்போது சரிசெய்துகொண்டே வந்து, 6 முதல் 12 மாதங்களில் அடிப்பகுதியை மாற்றவோ புதிதாகச் செய்யவோ வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் பல்செட்டை முதல் 24 மணி நேரம் கழற்றக் கூடாது. கழற்றினால் ஈறு வீங்கி, திரும்ப மாட்ட முடியாமல் போகலாம். மறுநாள் மருத்துவரே கழற்றிப் பார்ப்பார்.

புண் ஆறும் வரை 2 அல்லது 3 மாதம் காத்திருந்து செய்வது இன்னொரு வழி. முழுப் பல்செட்டுக்குப் பொதுவாக ஐந்து தடவை போக வேண்டியிருக்கும்: முதல் அளவு, துல்லியமான இரண்டாம் அளவு, மெழுகுக் கட்டை வைத்து மேல் கீழ் தாடைகளின் உறவைப் பதிவு செய்தல், மெழுகில் பற்களை அடுக்கி மாட்டிப் பார்த்தல், கடைசியில் அக்ரிலிக் எனும் கடினப் பிளாஸ்டிக்கில் செய்ததை மாட்டுதல். நான்காவது தடவைதான் முக்கியம். பல்லின் நிறம், நீளம், உதடு உப்பியிருக்கிறதா, சிரித்தால் ஈறு தெரிகிறதா எல்லாவற்றையும் அங்கேதான் மாற்ற முடியும். பல் இருந்த காலத்துப் புகைப்படம் ஒன்றை எடுத்துப் போங்கள். வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். மெழுகு அக்ரிலிக்காக மாறிய பிறகு இதெல்லாம் திருத்தக்கூடியது அல்ல.

சில பற்கள் மட்டும் போயிருந்தால் பகுதிப் பல்செட் போதும். அக்ரிலிக்கில் செய்தால் விலை குறைவு, ஆனால் ஈறின்மேல் உட்காரும். கோபால்ட் குரோமிய உலோகச் சட்டத்தில் செய்தால் மெல்லியதாக இருக்கும். பாரத்தின் ஒரு பகுதியை அடுத்த பற்கள் தாங்கும். வளையும் நைலான் பல்செட் பார்க்க அழகு, கம்பி தெரியாது. ஆனால் உடைந்தாலும் தளர்ந்தாலும் சரிசெய்வது கடினம்.

மேல்செட் ஒட்டுகிறது, கீழ்செட் மிதக்கிறது

ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பிரிக்கச் சிரமப்படுவோம் அல்லவா? மேல் பல்செட் அப்படித்தான் நிற்கிறது. அகன்ற அண்ணத்துக்கும் பல்செட்டுக்கும் நடுவே எச்சிலின் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். விளிம்பு முழுவதும் ஈறோடு மூடியிருந்தால் காற்று புகாது. கீழே அண்ணம் இல்லை. நடுவில் நாக்கு இருக்கிறது. மேல்தாடை தரும் பரப்பில் ஏறக்குறைய பாதிதான் கீழ்த்தாடையில் கிடைக்கும். பேசும்போதும் விழுங்கும்போதும் நாக்கும் கன்னமும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே கீழ்செட் சற்று அசைவது செய்தவரின் பிழை என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். வாயைத் திறந்திருக்கும்போது நாக்கின் நுனியைக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் தொட்டபடி வைத்துப் பழகுங்கள். நாக்கைப் பின்னால் இழுத்தால் கீழ்செட் எழும்பும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. இயற்கைப் பல்லின் கடிவலு பல்செட்டுக்கு வராது. நான்கில் ஒரு பங்கு, பலருக்கு அதற்கும் குறைவு. பழகிய பிறகும் அப்படித்தான். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் ஏமாந்து, நல்ல பல்செட்டையும் டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறார்கள்.

பழகும் மாதம்

முதல் சில நாட்கள் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். வாய்க்குள் வந்ததை உணவு என்று மூளை எடுத்துக்கொள்வதால் வருவது அது. துப்பாமல் விழுங்குங்கள், ஓரிரு வாரத்தில் குறையும். குமட்டல் இருந்தால் மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். இரண்டு வாரம் கழிந்தும் குமட்டினால் மேல்செட்டின் பின்விளிம்பு அதிக நீளமாக இருக்கலாம், அல்லது அது தளர்ந்து தொண்டைப் பக்கம் இறங்கலாம். இரண்டுமே மருத்துவர் சரிசெய்யக்கூடியவை.

பேச்சில் தமிழ் பேசுபவர்களுக்கென்று தனிச் சிரமம் ஒன்று உண்டு. ட, ண, ள ஆகிய ஒலிகளுக்கு நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். இப்போது அங்கே சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தகடு இருக்கிறது. ஸ, ச ஒலிகளில் சீழ்க்கை கலக்கும். தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளை உரக்கப் படிப்பதைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை. தடுமாறும் சொல்லை நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் பேச்சு தெளிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் சீழ்க்கை அடித்தால் முன்பற்களின் இடம் தவறியிருக்கலாம், காட்டுங்கள்.

சாப்பாட்டில் அவசரம் கூடாது. முதல் மூன்று நாலு நாள் சாம்பாரில் ஊறிய இட்லி, குழைந்த ரசம் சாதம், வெண்பொங்கல், கஞ்சி. அடுத்த வாரம் மெல்லிய தோசை, இடியாப்பம், நன்றாக வெந்த காய், முட்டை. சப்பாத்தியும் கறித்துண்டும் ஒரு மாதத்துக்குப் பிறகு. ஒரு கவளத்தை நாக்கால் இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். முன்பல்லால் ஆப்பிளைக் கடித்தால் மேல்செட்டின் பின்விளிம்பு விட்டுவிடும். பழத்தை நறுக்கிச் சாப்பிடுங்கள். முறுக்கு, சீடை, கரும்பு, கொட்டைப் பாக்கு, கடலை மிட்டாய் பல்செட்டை உடைக்கும் அல்லது இழுத்துக்கொண்டு வரும். தாளித்த கடுகும் கொய்யா விதையும் கீழ்செட்டின் அடியில் நுழைந்து குத்தும். சாப்பிட்டதும் கழற்றி ஒரு முறை அலசினால் போதும்.

மூடிய அண்ணத்துக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. காபி தொண்டையைச் சுட்ட பிறகுதான் உணர்வீர்கள். உதட்டில் வைத்துப் பார்த்துக் குடியுங்கள். மீன் பிரியர்கள் முள்ளைக் கையாலேயே எடுத்துவிட்டுச் சாப்பிடுவது நல்லது. பல்செட் போட்டவர்கள் முள்ளை அறியாமல் விழுங்கிவிடுவது உண்மையில் நடக்கும் ஆபத்து.

ஈறில் புண் வருவது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. அக்ரிலிக் ஒரு இடத்தில் மட்டும் கூடுதலாக அழுத்துகிறது என்பதுதான் அதன் பொருள். பிளேடாலோ உப்புத்தாளாலோ நீங்களே தேய்க்கக் கூடாது. எங்கே எவ்வளவு தேய்ப்பது என்பதை வாய்க்குள் இருக்கும் சிவந்த தடத்தைப் பார்த்தும், அழுத்தத்தைக் காட்டும் பசையைப் பூசிப் பார்த்தும்தான் முடிவுசெய்ய முடியும். தப்பான இடத்தில் தேய்த்தால் விளிம்பின் மூடல் போய்விடும். பிறகு எந்த மருத்துவராலும் எளிதில் ஒட்டவைக்க முடியாது. புண் வலித்தால் கழற்றி வையுங்கள், ஆனால் மருத்துவரைப் பார்க்கப்போகும் நாளில் சில மணி நேரமாவது அணிந்திருங்கள். தடம் தெரியாவிட்டால் அவரும் ஊகித்துத்தான் தேய்க்க வேண்டிவரும். சரிசெய்த பின் இரண்டு வாரத்திலும் ஆறாத புண்ணை அலட்சியப்படுத்த வேண்டாம். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இதில் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும். ஆறாத வாய்ப்புண் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கழுவுவது, இரவில் கழற்றுவது

பற்பசை வேண்டாம். அதில் உள்ள துகள் அக்ரிலிக்கைக் கீறும்; கீறலில் கிருமி தங்கும். மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்புத் தண்ணீரும் போதும். பேசினில் தண்ணீர் நிரப்பியோ கீழே துண்டை விரித்தோ கழுவுங்கள்; உடையும் பல்செட்டுகளில் பல கை நழுவி விழுந்து உடைபவை. கொதிநீரில் போட்டால் அக்ரிலிக் வடிவம் மாறிவிடும். காயவும் விடக் கூடாது: இரவில் சாதாரணத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும்.

இரவில் கழற்றுவது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல. இரவும் பகலும் போட்டிருந்தால் அண்ணம் சிவந்து காளான் தொற்று வளரும். வலி இல்லாததால் பலருக்குத் தெரியவே தெரியாது. வாய் ஓரங்களில் வெடிப்பு வருவதும் இதோடு சேர்ந்து காணப்படும். முதியவர்கள் பல்செட்டோடு தூங்கினால் நுரையீரல் தொற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் தினமும் துடையுங்கள்.

ஒட்டும் பசையைப் பட்டாணி அளவில் மூன்று நாலு இடத்தில் மட்டும் வைப்பது சரி. வாரக்கணக்கில் கூடக்கூட வைக்க வேண்டியிருந்தால் அது எலும்பு தேய்ந்திருப்பதன் அறிகுறி. துத்தநாகம் கலந்த பசையை நெடுங்காலம் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து நரம்புப் பாதிப்பு வந்திருக்கிறது. பசைக்குப் பதில் உள்பூச்சு வைத்துப் பொருத்தத்தைச் சரிசெய்வதே முறை. ஆண்டுக்கு ஒரு முறை காட்டுங்கள். 5 முதல் 8 ஆண்டுகளில் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாலும் சில ரத்த அழுத்த, மன அழுத்த மாத்திரைகளாலும் எச்சில் வற்றும். எச்சில் குறைந்தால் நல்ல பல்செட்டும் ஒட்டாது, ஈறு புண்ணாகும். அடிக்கடி தண்ணீர் பருகுங்கள். மாத்திரைப் பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இம்ப்ளாண்ட் என்றால் என்ன?

சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயல் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பதித்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு இணைந்துவிட்டிருந்தது. 1965-ல் முதல் மனிதருக்கு இந்த முறையில் பல்வேர் பதித்தார். இன்றைய இம்ப்ளாண்ட் எல்லாம் அந்த இணைப்பை நம்பித்தான் நிற்கிறது.

அதற்கு மூன்று பாகங்கள். எலும்புக்குள் போகும் டைட்டானியத் திருகு: பொதுவாக 3.5 முதல் 5 மில்லிமீட்டர் விட்டம், 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளம். அதன்மேல் ஈறைத் தாண்டி எழும் இணைப்புத் துண்டு. அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியும் பல். விலை கேட்கும்போது இந்த மூன்றும் சேர்ந்ததா, ஸ்கேனும் எலும்பு குறைந்த இடத்தில் நிரப்பும் எலும்புப் பொடியும் தனியா என்று கேட்டுவிடுங்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை விலை பெரிதாக வேறுபடுவதற்கு ஒரு காரணம், சிலர் திருகின் விலையை மட்டும் சொல்வதுதான்.

முதலில் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்குக் குறைந்தது 2 மில்லிமீட்டர் மேலே திருகு நிற்க வேண்டும். நரம்பைத் தொட்டால் உதடும் முகவாயும் மரத்துப்போகும். மேலே கடைவாய்ப் பக்கம் சைனஸ் எனும் காற்றறை இறங்கியிருந்தால் எலும்பு ஏற்றிய பிறகே பதிக்க முடியும். ஊசி போட்டு மரத்த நிலையில் சிறிது சிறிதாக விட்டத்தைக் கூட்டித் துளைப்பார்கள், உப்புநீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் செல்கள் செத்துவிடும். செத்த எலும்பில் திருகு பிடிக்காது. பிறகு கீழே 2, 3 மாதமும் மேலே 3 முதல் 6 மாதமும் எலும்பு பிடிக்கக் காத்திருந்து பல் வைப்பார்கள். அன்றே பல் வைத்துவிடலாம் என்றால், திருகு இறுகிய பிடிப்பு எவ்வளவு என்று கேளுங்கள்; பொதுவாக 35 நியூட்டன் சென்டிமீட்டர் வந்தால்தான் அதற்குத் துணிவார்கள். பிடிப்பு இல்லாமல் பாரம் ஏற்றினால் திருகு நுண்ணிதாக ஆடி, எலும்புக்குப் பதில் நார்த்திசு சூழ்ந்து கழன்றுவிடும்.

எல்லாப் பல்லும் போனவருக்கு

இம்ப்ளாண்ட் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகு, லட்சக்கணக்கில் செலவு என்று பலர் ஆரம்பத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். நடுவழி ஒன்று இருக்கிறது. அதிகம் பேர் அறிய வேண்டியது அதுதான். கீழ்த்தாடையில் கோரைப்பல் இருந்த இடங்களில் இரண்டே இரண்டு திருகுகள். அவற்றின் தலையில் குமிழ். பல்செட்டின் அடியில் அதற்கான கிண்ணம். மாட்டினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், இரவில் கழற்றிவிடலாம். கீழ்ப் பல் முழுதும் இழந்தவர்களுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ல் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். அந்த முன்பகுதியில் எலும்பு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும், நரம்பும் குறுக்கிடாது என்பது கூடுதல் சாதகம். மேல்செட் அண்ணத்தில் ஒட்டி நிற்பதால் பலருக்கு மேலே எதுவும் தேவைப்படாது. கிண்ணத்துக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும். தளர்ந்ததும் மாற்ற வேண்டும், சில நிமிட வேலை.

கழற்றாத நிலையான பல்வரிசை வேண்டுமென்றால் ஒரு தாடைக்கு 4 முதல் 6 திருகுகள். போர்ச்சுகலின் பாவ்லோ மாலோ பரவலாக்கிய நான்கு திருகு முறையில் பின்னிரண்டையும் சாய்வாக இறக்குவார்கள். எலும்பு குறைந்த இடத்தைத் தவிர்க்க அது உதவும். வசதி அதிகம், செலவும் அதிகம், அடியில் சுத்தம் செய்யும் வேலையும் அதிகம். கை நடுக்கம் உள்ள முதியவருக்குக் கழற்றி மாட்டும் வகையே சுத்தத்துக்கு நல்லது.

யார் யோசிக்க வேண்டும்

முதுமை தடை இல்லை. சர்க்கரை நோயும் தடை இல்லை, கட்டுப்பாட்டில் இருந்தால். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் இறக்கிய பிறகு செய்வதே நல்லது. புகைபிடிப்பவர்களுக்குத் தோல்வி தெளிவாகவே அதிகம். எலும்பு அடர்த்திக் குறைவுக்காக அலெண்ட்ரோனேட் மாத்திரையோ ஸோலெட்ரானிக் அமில ஊசியோ எடுப்பவர்கள், முகத்திலும் கழுத்திலும் கதிர்வீச்சு பெற்றவர்கள், அதைச் சொல்லாமல் பல் எடுக்கவும் கூடாது. தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. பான், குட்கா போட்டு வாய் திறப்பது குறுகியவர்களுக்குக் கருவியே உள்ளே நுழையாமல் போகலாம்.

டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறுக்கும் எலும்புக்கும் நோய் வரும். இயற்கைப் பல்லைச் சுற்றியிருக்கும் நார்க்காப்பு இங்கே இல்லாததால் அழுக்கு சேர்ந்தால் தொற்று ஆழமாக வேகமாக இறங்கும். தொட்டால் ரத்தம் கசிவதும் சீழ் வருவதும் முதல் அறிகுறிகள். வலி பெரும்பாலும் இருக்காது, ஆடத் தொடங்கும்போது எலும்பு ஏற்கெனவே போயிருக்கும். ஈறுநோயால் பல்லை இழந்தவருக்கு இந்த ஆபத்து கூடுதல். இடைவெளிப் பிரஷ்ஷால் தினமும் சுற்றிலும் தேய்த்து, 6 மாதத்துக்கு ஒரு முறை காட்டினால், 10 ஆண்டுகள் தாண்டியும் 100-ல் 90-க்கும் மேல் நிலைத்து நிற்கின்றன.

இப்போது பணமில்லை, பிறகு செய்யலாம் என்று நினைப்பவர்கள் ஒன்று செய்யலாம்: பல் எடுக்கும்போதே குழியில் எலும்புப் பொடி நிரப்பி மூடச் சொல்லலாமா என்று கேட்பது. தேய்மானம் முற்றாக நிற்காது, ஆனால் குறையும். ஆடாத கோரைப்பல் வேர் ஒன்றிரண்டு நல்ல நிலையில் இருந்தால், வேர் சிகிச்சை செய்து குட்டையாக்கி அதன்மேல் பல்செட்டை உட்காரவைக்கவும் முடியும். வேர் இருக்கும் வரை அதைச் சுற்றியுள்ள எலும்பும் பெருமளவு இருக்கும்.

பதித்துக்கொண்டவர்கள் திருகின் நிறுவனம், வகை, விட்டம், நீளம், லாட் எண் குறித்த அட்டையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் திருப்புளியும் உதிரிப் பாகமும் மாறும். பத்தாண்டு கழித்து வேறு ஊரில் ஒரு திருகு தளர்ந்தால், எதைக் கொண்டு இறுக்குவது என்பதை அந்த ஊர் மருத்துவர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.